மரத்தது கால், கட்டி கழுத்தில்: ஓர் ஆசிரியையின் கடிதத்துக்குப் பதில்

தென்மாவட்டம் ஒன்றைச் சேர்ந்த 38 வயது அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டு குழந்தைகள். மூத்தவள் பத்தாம் வகுப்பு. இளையவன் சிசேரியனில் பிறந்தவன். இரண்டு வருடமாக இவருக்குக் கழுத்துக்குக் கீழே, தோள்பட்டைகளுக்கு நடுவில் வலி. பகலில் வேலை ஓட்டத்தில் தெரியாது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பிவிடும்; எழுந்து உட்கார்ந்தால் குறையும். அப்புறம் இரண்டு காலும் மரத்துப்போகத் தொடங்கின. எலும்பு மருத்துவர் இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார். டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருப்பதாக வந்தது. பெல்ட், டிராக்‌ஷன் (எடை கட்டி இழுப்பது), நரம்பு ஊசி என்று ஒரு வருடம் ஓடிவிட்டது.

இதற்கிடையில் தோசைக்கல்லில் இடது கை விரல்கள் பட்டிருக்கின்றன. கொப்புளம் கிளம்பியதைப் பார்த்த பிறகுதான் சுட்டதே தெரிந்திருக்கிறது. இன்னொரு நாள், பள்ளி வாசலில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனவரை ஒரு மாணவி கூப்பிட்டு, "டீச்சர், ஒரு செருப்பு அங்கயே கிடக்கு" என்று எடுத்துக்கொடுத்திருக்கிறாள். அதன் பிறகு பார்த்த நரம்பியல் மருத்துவர், படம் தெளிவாகத் தெரிவதற்கான கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி முதுகெலும்பு முழுவதையும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். கழுத்தின் நான்காவது முள்ளெலும்பிலிருந்து ஆறாவது வரை, தண்டுவடத்துக்கு உள்ளேயே ஒரு கட்டி. அதற்கு மேலும் கீழும் நீர் கோத்த குழி. 'எபென்டைமோமாவாக இருக்கலாம், அஸ்ட்ரோசைட்டோமாவையும் யோசிக்க வேண்டும்' என்கிறது அறிக்கை. இரண்டும் தண்டுவடத்துக்கு உள்ளேயே முளைக்கும் கட்டி வகைகள்.

இவருடைய கேள்விகள்: இது கேன்சரா? சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசியால் வந்ததா? ஆபரேஷன் செய்தால் படுக்கைதான் என்கிறார்களே, உண்மையா? முதலில் ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்க்கக் கூடாதா? மகளின் பொதுத்தேர்வுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, அதுவரை தள்ளிப்போடலாமா? கேரளாவில் எண்ணெய்ச் சிகிச்சைக்கு மாமியார் ஏற்பாடு செய்கிறார், போகலாமா? வேலை போய்விடுமா? கடைசியாக ஒன்றையும் எழுதியிருக்கிறார்: "அறிக்கையை என் கணவரும் தம்பியும்தான் வாங்கினார்கள். டாக்டர் அவர்களிடம் என்ன சொன்னார் என்று எனக்கு முழுசாகத் தெரியாது. கட்டியின் பெயரை செல்போனில் தேடித்தான் பயந்துபோனேன்."

அன்புள்ள டீச்சர்,

நீங்கள் அனுப்பியது அறிக்கையின் நகல் மட்டும். படங்களை நான் பார்க்கவில்லை, உங்களைப் பரிசோதிக்கவும் இல்லை. எனவே நான் சொல்வதை உங்கள் மருத்துவரிடம் கேள்விகளாக எடுத்துப் போங்கள். ஒன்றை மட்டும் தயக்கமில்லாமல் சொல்கிறேன். நீங்கள் நடந்துகொண்டிருக்கிறீர்கள், பள்ளிக்குப் போகிறீர்கள், கரும்பலகையில் எழுதுகிறீர்கள். இந்த நிலையில் எடுக்கும் முடிவுக்கு இருக்கிற பலன், சக்கர நாற்காலிக்கு வந்த பிறகு எடுக்கும் முடிவுக்கு இருக்காது.

ஊசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அது உங்கள் வீட்டில் ஒரு பழியாகவே மாறியிருப்பது கடிதத்தில் தெரிகிறது. சிசேரியனுக்குப் போட்ட ஊசிக்கும் இந்தக் கட்டிக்கும் சம்பந்தமே இல்லை. தண்டுவடம் பெரியவர்களுக்கு ஏறக்குறைய 45 செ.மீ. நீளம். மூளையின் அடியில் தொடங்கி, இடுப்பின் முதல் அல்லது இரண்டாவது முள்ளெலும்புக்கு அருகில் முடிந்துவிடும். ஊசி தண்டுவடத்தில் பட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அதை அதற்கும் கீழே போடுகிறார்கள். உங்கள் கட்டி இருப்பது கழுத்தில். இந்தப் பத்தியை உங்கள் மாமியாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

முதல் எம்.ஆர்.ஐ.யில் இது ஏன் தெரியவில்லை என்பதற்கும் இதுதான் பதில். கால் மரத்தால் இடுப்பைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். இடுப்புப் படத்தில் தண்டுவடத்தின் கடைசி முனை மட்டும்தான் வரும்; கழுத்து வரவே வராது. ஆனால் காலுக்குப் போகிற அத்தனை நரம்புப் பாதைகளும் கழுத்து வழியாகத்தான் இறங்குகின்றன. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வலியே இல்லாத நடுவயதுக்காரர்களைப் படம் எடுத்தாலும் பலருக்கு டிஸ்க் பிதுக்கம் தெரியும். ஏதோ ஒன்று படத்தில் கிடைத்துவிட்டதால் தேடல் அங்கேயே நின்றுபோகிறது.

இது புதிய கதை இல்லை. 1887-இல் லண்டன் குவீன் ஸ்கொயர் மருத்துவமனையில் விக்டர் ஹார்ஸ்லி முதன்முறையாகத் தண்டுவடத்தை அழுத்திய கட்டி ஒன்றை வெற்றிகரமாக அகற்றினார். நோயாளி ஒரு ராணுவ கேப்டன். பல வருட வலி, பல மருத்துவர்கள், பல வைத்தியங்கள் எல்லாம் முடிந்து கால்கள் செயலிழந்த பிறகுதான் வில்லியம் கோவர்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர் அது கட்டி என்று கண்டுபிடித்தார். ஹார்ஸ்லி முதலில் திறந்த இடத்தில் கட்டி இல்லை. இன்னும் மேலே திறந்தார்; அங்கே இருந்தது. அந்த நோயாளி பிறகு எழுந்து நடந்தார். படம் எடுக்க வழியே இல்லாத காலம் அது. இன்று முழு முதுகெலும்புக்கும் படம் எடுக்க முடிகிறது. இருந்தும் உங்களுக்கு ஒரு வருடம் வீணாகியிருப்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

உங்கள் உடம்பு அந்த ஒரு வருடமும் சரியான தகவலைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. படுத்தால் கூடி, உட்கார்ந்தால் குறையும் வலி சாதாரண டிஸ்க் வலியின் குணம் இல்லை. சூட்டையும் வலியையும் கொண்டுபோகும் நரம்பு இழைகள் தண்டுவடத்தின் நடுமையத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கடக்கின்றன. கட்டி நடுவில் முளைத்தால் முதலில் அடிபடுவது அவைதான். அதனால்தான் கரண்டியைப் பிடித்திருப்பது விரலுக்குத் தெரிந்தது, கல்லின் சூடு தெரியவில்லை. செருப்புக்கும் ஒரு கணக்கு உண்டு. எங்கள் நரம்பு மருத்துவத் துறையில் மாணவர்களுக்கு முதல் வாரத்திலேயே கற்றுக்கொடுக்கும் கேள்வி அது: "செருப்பு கழன்று போகும்போது உங்களுக்குத் தெரிகிறதா?" கழல்வது தெரிந்தும் பிடித்து நிறுத்த முடியவில்லை என்றால் தசை பலவீனம். கழன்றதே தெரியவில்லை என்றால் தண்டுவடத்தின் பின்பக்கம் வழியாகப் போகும் உணர்வுப் பாதையில் கோளாறு. முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாட்டம் வருகிறதா என்றும் கேட்போம். இதைப் படிக்கும் மற்றவர்களில் யாருக்காவது இப்படி இருந்தால், பெல்ட்டோடு திருப்திப்பட்டுவிடாமல் ஒரு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

இது கேன்சரா?

கட்டி என்றாலே கேன்சர் இல்லை. தண்டுவடக் கட்டிகளே அபூர்வம். அவற்றிலும் பெரியவர்களுக்கு வருபவை பெரும்பாலும் தண்டுவடத்துக்கு வெளியே, அதன் உறைக்குள் வளரும் ஸ்வானோமா, மெனிஞ்சியோமா வகைகள். உங்களுடையதுபோல உள்ளேயே முளைப்பவை இன்னும் அபூர்வம். அப்படி முளைப்பவற்றில் பெரியவர்களிடம் அதிகம் காணப்படுவது எபென்டைமோமா. பெரும்பாலும் இரண்டாம் தரம் (கிரேடு 2) என்ற வகையில் வரும், மெதுவாக வளரும், கல்லீரல், நுரையீரல் என்று பரவுவது மிக மிக அரிது. சுற்றியுள்ள தண்டுவடத்திலிருந்து பிரித்தெடுக்க ஒரு கோடு கிடைப்பது இதன் நல்ல அம்சம். முழுதாக எடுத்துவிட்டால் பொதுவாகக் கதிர்வீச்சு தேவைப்படாது.

அஸ்ட்ரோசைட்டோமா அப்படி இல்லை. அதில் சாதுவானதும் உண்டு, மிக மோசமானதும் உண்டு. தண்டுவடத்தோடு பின்னிப் பிணைந்து வளர்வதால் பல நேரங்களில் முழுதாக எடுக்க முடியாது. படத்தில் இரண்டையும் ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். எபென்டைமோமா நடுவில், விளிம்பு தெளிவாக, கான்ட்ராஸ்ட் மருந்தை நன்றாக ஏற்று இருக்கும். மேலும் கீழும் நீர்க்குழி இருக்கும். ஓரத்தில் பழைய ரத்தக்கசிவின் கறுப்பு விளிம்பு தெரியலாம். அஸ்ட்ரோசைட்டோமா ஒரு பக்கமாக ஒதுங்கி, விளிம்பு கலங்கி இருக்கும். உங்கள் அறிக்கையில் உள்ள விவரங்கள் முதல் வகையை ஒத்திருக்கின்றன. ஆனாலும் படம் சொல்வது ஓர் ஊகம்தான். நிச்சயமான பெயர் நுண்ணோக்கியின் கீழ்தான் கிடைக்கும். 2021-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வகைப்பாட்டின்படி இப்போது சில மரபணுச் சோதனைகளும் இதில் சேர்ந்துவிட்டன. உதாரணமாக, எபென்டைமோமாவிலேயே எம்.ஒய்.சி.என். என்ற மரபணு பெருகியிருந்தால் அது வேகம் கூடிய தனி வகை. செல்போனில் பெயரைத் தேடினால் எல்லா வகைகளின் விவரமும் ஒரே பக்கத்தில் வந்து விழும். அதில் மோசமானதுதான் கண்ணில் படும். இனி தேடாதீர்கள்.

கத்தி வைக்கும் முன் விலக்க வேண்டியவை

தண்டுவடம் வீங்கித் தெரிந்தால் எல்லாம் கட்டி இல்லை. நம் நாட்டில் காசநோய்க் கட்டி தண்டுவடத்துக்குள்ளும் வரும். அதற்குப் பெரும்பாலும் மாத்திரைதான் மருந்து. நரம்பு உறையைத் தாக்கும் அழற்சி நோய்களும் படத்தில் கட்டிபோலவே நடிக்கும். இவை பெரும்பாலும் நாட்கணக்கில், வாரக்கணக்கில் முற்றும். உங்களுக்கு இரண்டு வருடமாக மெல்ல மெல்ல வந்திருக்கிறது. அது கட்டியின் பக்கம் சாய்கிறது என்றாலும் சோதித்துவிடுவது நல்லது. மூளைக்கும் ஒரு எம்.ஆர்.ஐ., அந்த அழற்சி நோய்களில் ஒன்றைக் காட்டிக்கொடுக்கும் அக்வபோரின்-4 எதிர்ப்பணுவுக்கான ரத்தச் சோதனை, மார்புப் படம், பி12 அளவு ஆகியவை ஏற்கெனவே பார்க்கப்பட்டனவா என்று கேளுங்கள். முதுகில் நீர் எடுத்துச் சோதிக்க யாராவது சொன்னால், அறுவை நிபுணரிடம் கேட்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம். மேலே கட்டி அடைத்திருக்கும்போது கீழே நீரை எடுத்தால் சிலருக்குக் கால் பலவீனம் திடீரெனக் கூடிவிடும்.

குடும்பத்தில் யாருக்காவது சிறு வயதிலேயே காது கேட்காமல் போனது, மூளைக்கட்டி, கண்ணின் விழித்திரையில் ரத்தக்குழாய்க் கட்டி, சிறுநீரகக் கட்டி இருந்ததா என்றும் விசாரித்து வையுங்கள். தண்டுவடக் கட்டிகளில் சில, பரம்பரையாக வரும் நோய்களின் பகுதியாக இருக்கும். இருந்தால் பிள்ளைகளையும் சோதிக்க வேண்டியிருக்கும்.

ஊசி வைத்துப் பார்த்தால் போதாதா?

உங்கள் கணவரின் யோசனை நியாயமானதுதான். மார்பகத்திலும் தைராய்டிலும் அப்படித்தான் செய்கிறோம். ஆனால் தண்டுவடம் கிட்டத்தட்ட சுண்டுவிரல் பருமன். அதற்குள் கைக்கும் காலுக்கும் மூச்சுக்கும் சிறுநீருக்கும் போகும் பாதைகள் நெருக்கமாக ஓடுகின்றன. வெளியிலிருந்து ஊசி செலுத்தினால் கட்டியைத் தொடும் முன் எதைக் கிழிக்கும் என்று சொல்ல முடியாது. கிடைக்கும் துணுக்கும் போதுமானதாக இருக்காது. எனவே உங்களுக்குச் சோதனையும் சிகிச்சையும் ஒரே மேசையில்தான். திறந்து, முதலில் ஒரு சிறு துண்டை எடுத்து உடனடிச் சோதனைக்கு அனுப்புவார்கள். எபென்டைமோமா என்றும், பிரியும் கோடு இருக்கிறது என்றும் தெரிந்தால் முழுதாக எடுப்பார்கள். கோடே இல்லை என்றால் ஓர் எல்லையில் நிறுத்திவிடுவார்கள். 'பாதியில் விட்டுவிட்டார்கள்' என்று அப்போது வீட்டில் யாரும் கோபப்பட வேண்டாம். நிறுத்தத் தெரிந்த கைதான் உங்களுக்குத் தேவை.

ஆபரேஷன்: படுக்கையா, நடையா?

உள்ளேயே முளைத்த கட்டியை 1907-இல் வியன்னாவில் ஐசல்ஸ்பெர்க் முதலில் அகற்றினார். அந்தக் காலத்துப் பயம்தான் இன்னும் நம் ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்று நுண்ணோக்கியில் பார்த்து, தண்டுவடத்தின் பின்பக்க நடுக்கோட்டில் பிளந்து, கட்டியை உள்ளிருந்து குறைத்து வெளியே எடுக்கிறார்கள். அந்த நேரம் முழுவதும் மூளைப் பகுதியில் மின்தூண்டல் கொடுத்து, கைகால் தசைகளில் சமிக்ஞை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். சமிக்ஞை குறைந்தால் அறுவை நிபுணர் கையை நிறுத்திக் காத்திருப்பார். இந்தக் கண்காணிப்பு வசதி இல்லாத இடத்தில் இந்த ஆபரேஷனைச் செய்துகொள்ளாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது கசப்பான பகுதி. இந்த ஆபரேஷன் இருப்பதைக் காப்பாற்றத்தான் செய்யப்படுகிறது. இழந்ததை மீட்பது அதன் முதல் வேலை இல்லை. போகும்போது எந்த நிலையில் போகிறீர்களோ, நீண்ட காலத்தில் அதே நிலையை ஒட்டித்தான் பெரும்பாலோர் இருக்கிறார்கள். நடந்து போனவர்கள் பெரும்பாலும் நடக்கிறார்கள். ஆனால் முதல் சில வாரங்கள் நிலைமை பெரும்பாலும் மோசமானதுபோல இருக்கும். பின்பக்கப் பாதை வழியாகப் பிளப்பதால் பாதம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கீழே பார்த்துப் பார்த்து நடக்க வேண்டியிருக்கும். இது மாதக்கணக்கில் மெல்லத் தேறும். கொஞ்சம் மரத்த உணர்வு சிலருக்கு நிரந்தரமாகவே தங்கிவிடும். நிரந்தரப் பலவீனம் வரும் வாய்ப்பும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். உங்கள் கட்டி இருக்கும் மட்டத்தில் மூச்சுத் தசைக்கான நரம்பும் புறப்படுவதால், ஓரிரு நாள் செயற்கை சுவாசம் தேவைப்படலாம். பூ கட்டுவது, பட்டன் போடுவது, நோட்டுத் திருத்துவது போன்ற நுணுக்கமான விரல் வேலைகள் திரும்ப நாளாகும். பிசியோதெரபியை ஆபரேஷனுக்குச் சமமாக நினைத்து விடாமல் செய்யுங்கள்.

செய்யாமல் விட்டால்? கட்டி மெதுவாக வளரும், கூடவே நடை, பிறகு கை, பிறகு சிறுநீர் என்று போகும். பல வருடம் ஆகலாம். நடுவில் கட்டிக்குள் ரத்தம் கசிந்தால் ஒரே நாளிலும் ஆகலாம். எந்தக் குறையும் இல்லாமல் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்ட சிறு கட்டியைப் படம் எடுத்துக் கவனித்துக்கொண்டே இருக்கலாம். உங்களுக்கு ஏற்கெனவே செருப்பு கழல்வது தெரியவில்லை. காத்திருக்கும் கட்டம் தாண்டிவிட்டது.

அதனால் பொதுத்தேர்வு வரை ஐந்து மாதம் தள்ளிப்போடுவதை நான் ஏற்கவில்லை. நாளைக்கே ஓட வேண்டிய அவசரமும் இல்லை. இரண்டாவது கருத்து கேட்கவும், மேலே சொன்ன சோதனைகளை முடிக்கவும், லீவுக்கு எழுதிக்கொடுக்கவும் சில வாரங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதே செய்தால் தேர்வு நேரத்தில் நீங்கள் வீட்டில் தேறிக்கொண்டிருப்பீர்கள். தள்ளிப்போட்டு, தேர்வு நடுவில் கால் விழுந்தால் அந்தப் பெண் என்ன எழுதுவாள்? பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வீட்டில் ஏதோ நடப்பது தெரியாமல் இருக்காது. நீங்களே உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

யாருக்கு, எங்கே, என்ன உரிமை

உங்கள் உடம்பைப் பற்றிய முழு விவரமும் முதலில் உங்களுக்குத்தான் சொல்லப்பட வேண்டும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடப்போவது நீங்கள். கணவரும் தம்பியும் பாசத்தால்தான் மறைத்திருப்பார்கள், சண்டை வேண்டாம். அடுத்த முறை மருத்துவரிடம் நீங்களும் உள்ளே போய் உட்காருங்கள். அறிக்கை மட்டும் போதாது, எல்லாப் படங்களும் உள்ள சிடியைக் கேட்டு வாங்குங்கள். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிமுறைகளே சொல்கின்றன.

தம்பி வெளிநாடு போகலாமா என்று கேட்டிருக்கிறார். அவசியமில்லை. 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டியும், 1950-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் ராமமூர்த்தியும் தொடங்கி வைத்த துறை இது. நம் ஊரிலும், திருவனந்தபுரம், பெங்களூரு, புதுச்சேரியிலும் இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். கட்டடத்தைப் பார்க்காதீர்கள், நேராகக் கேளுங்கள்: தண்டுவடத்துக்கு உள்ளே இருக்கும் கட்டியை நீங்கள் வழக்கமாகச் செய்கிறீர்களா? நரம்புக் கண்காணிப்பு உண்டா? உடனடித் திசுச் சோதனை உண்டா? நல்ல நிபுணர் யாரும் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

நீங்கள் அரசு ஊழியர் என்பதால் அரசு ஊழியர்களுக்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கும். தேர்ந்தெடுக்கும் மருத்துவமனை அதன் பட்டியலில் உள்ளதா என்று பார்த்து, முன் அனுமதியை ஆபரேஷன் தேதிக்கு முன்பே வாங்கிவிடுங்கள். வேலையைப் பற்றிப் பயப்பட வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன் 20-ஆவது பிரிவு, பணியில் இருக்கும்போது உடல் குறைபாடு ஏற்பட்ட அரசு ஊழியரை வேலையிலிருந்து நீக்கவோ, பதவி இறக்கவோ கூடாது என்கிறது. பழைய வேலை செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும்.

அதுவரை வீட்டில்

எண்ணெய்ச் சிகிச்சையால் தண்டுவடத்துக்குள் இருக்கும் கட்டி கரையாது. மாமியார் வருத்தப்படாமல் இருக்க, தோளில் மென்மையாக எண்ணெய் தடவிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் கழுத்தை இழுப்பது, திருப்புவது, நெட்டி முறிப்பது, டிராக்‌ஷன் எதுவும் கூடவே கூடாது. சொந்தமாக ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். தற்காலிகமாகச் சுகம் தெரியும், சில வகைக் கட்டிகளில் திசுச் சோதனையின் முடிவையே குழப்பிவிடும். அடுப்பில் வேலை செய்யும்போது சூட்டை வலது கையால் தொட்டுப் பாருங்கள், இடது கையை நம்ப வேண்டாம். வலது விரலிலும் மரத்த உணர்வு இருந்தால் துணியில்லாமல் எதையும் தொடாதீர்கள். ஸ்கூட்டியை இன்றே நிறுத்துங்கள். செருப்புக்குப் பதில் பின்பக்கம் வார் வைத்த காலணி போடுங்கள். இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியட்டும், ஏனென்றால் பாதம் சொல்லாததை இப்போது கண்தான் உங்களுக்குச் சொல்கிறது.

சிறுநீர் வராமல் அடைத்தாலோ தெரியாமல் போனாலோ, காலோ கையோ ஓரிரு நாளில் திடீரெனப் பலம் குறைந்தாலோ, மூச்சு விடக் கஷ்டமாக இருந்தாலோ, தேதி வரட்டும் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே நரம்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஆம்புலன்சுக்கு 108. கையில் அந்த சிடியும் அறிக்கையும் இருக்கட்டும்.